டைகர் மோத்: எண்பது வயதைத் தாண்டிய துணி விமானத்தில் ஏறலாமா?

கேம்பிரிட்ஜ்வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு விமானத் தளம் எங்கள் வீட்டிலிருந்து காரில் எட்டுகிற தூரம்தான். அங்கே டைகர் மோத் விமானத்தில் ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானிகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த இரட்டை இறக்கை விமானம் அது. பிறந்தநாள் பரிசாக மனைவி டிக்கெட் வாங்கிவிட்டாள். அந்தச் செய்தியை ஊரில் இருக்கும் அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. "துணி போர்த்திய விமானமா? உனக்கென்ன கிறுக்கா?" என்கிறார்.

அம்மாவைச் சமாளித்துக்கொள்வேன். எனக்கே உள்ளூர ஒரு உதறல் இருக்கிறது. உடல் எஃகுக் குழாய், இறக்கை மரம், மேலே துணி. சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. ரேடார், பெரிய கண்ணாடித் திரை எதுவும் இல்லை. வயதுதான் ஆபத்தா, வேறு ஏதாவது ஆபத்தா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "உயிரோடு திரும்பி வா" என்ற வாழ்த்துகள் ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன, போதும்.

மேகக்கூட்டம்

நான் ஆன்டாரியோவில் விமானப் பயிற்சியாளனாக இருக்கிறேன். தினமும் ஓட்டுவது செஸ்னா 172 என்ற சிறு பயிற்சி விமானம். டைகர் மோத்தின் கனடிய வகையில் சில பாடங்கள் எடுத்துக்கொண்டதால் கொஞ்சம் சொல்ல முடியும். இங்கே போர்க்காலத்தில் கட்டப்பட்டவற்றில் குளிருக்காக விமானியறை மேல் நகரும் மூடி, வால் சக்கரம், பிரேக் எல்லாம் உண்டு. உங்கள் ஊரில் பறப்பது பெரும்பாலும் அசல் வகை. மூடி இல்லை, பிரேக் இல்லை, வாலில் சக்கரத்துக்குப் பதில் உலோகக் கட்டை. புல்தரையில் அந்தக் கட்டை உழுதுகொண்டு வருவதுதான் பிரேக்.

முதல் டைகர் மோத் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. அதற்கு முன்பிருந்த மோத் விமானத்தில் ஒரு சிக்கல். பெட்ரோல் தொட்டியும் அதைத் தாங்கும் கம்பங்களும் முன் இருக்கைக்கு நேர் மேலே இருந்தன. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு அவசரத்தில் வெளியே குதிக்க அவை இடைஞ்சல். அதனால் மேல் இறக்கையின் நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். தள்ளியதும் தூக்குவிசையின் மையம் முன்னே போய்விட்டது. அதைப் பின்னுக்கு இழுக்க இறக்கைகளைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தார்கள். டைகர் மோத்தை மேலிருந்து பார்த்தால் தெரிகிற அந்தச் சாய்வு அழகுக்காக வைத்ததில்லை. முன்னால் உட்காருகிறவர் உயிர் தப்ப வேண்டும் என்பதற்காக வந்தது.

அந்த முன் இருக்கையில்தான் உங்களை உட்கார வைப்பார்கள். தனியாக ஓட்டுகிறவர் எப்போதும் பின் இருக்கையில்.

எதிர்க்கட்சி

என் பெயருக்கு ஏற்றபடி பேசிவிடுகிறேன். இந்த விமானங்களை அருங்காட்சியகத்தில் நிறுத்தி வைப்பதே முறை. உலகம் முழுக்க எட்டாயிரத்து எண்ணூறுக்கும் மேல் கட்டினார்கள். இப்போது பறப்பது அதில் சிறு பங்கு. ஒவ்வொரு விபத்திலும் ஒன்று குறைகிறது, கூடவே மனித உயிரும் போகிறது. பணக்காரர்கள் காற்று வாங்குவதற்காக வரலாற்றுச் சின்னத்தை எரிக்க வேண்டுமா? கோயில் தேரில் ஏறி யாராவது கடைவீதிக்குக் காய்கறி வாங்கப் போவார்களா?

தாம்பரம் ஃபிட்டர்

தம்பி எதிர்க்கட்சி, தேரை வருடத்துக்கு ஒருமுறை இழுக்காமல் கொட்டகையிலேயே விட்டுப் பார். கரையான் வேலையை முடித்துவிடும். இழுப்பதற்காகத்தான் ஒவ்வொரு வருடமும் அச்சாணியைப் பார்க்கிறோம்.

நான் இந்திய விமானப்படையில் ஏர்ஃபிரேம் (விமானத்தின் உடற்சட்டகம்) பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேர்ந்தபோது ஹார்வர்டு விமானங்களின் கடைசிக் காலம். டைகர் மோத்தில் எழுத்துப் பழகியவன் அடுத்து ஏறும் வகுப்பு ஹார்வர்டு. 600 குதிரைத்திறன் எஞ்சின், உலோக உடல். ஆனால் அதன் மூக்கைத் திருப்பும் சுக்கான், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரான் எல்லாம் துணி போர்த்தியவைதான். அதனால் துணி வேலை எனக்குப் பழக்கம். அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள் கேம்பிரிட்ஜ் தம்பி.

சட்டகத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தித் தைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. சட்டகத்தின் ஒவ்வொரு விலா எலும்புக்கும் (குறுக்குச் சட்டம்) நீள ஊசியால் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே மெழுகு தடவிய நூலைக் கோத்துக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் தனி முடிச்சு. ஒரு முடிச்சு அறுந்தால் அடுத்தது அவிழக் கூடாது என்பதற்கு அந்த ஏற்பாடு. தையல் வரிசையின் மேல் ஓரம் பல் பல்லாக வெட்டிய நாடாவை ஒட்டுவோம். ஓரம் நேராக இருந்தால் காற்று பிடித்து உரித்துவிடும். பிறகு டோப் என்ற, துணியை இறுக்கும் பூச்சைப் பூச வேண்டும். முதல் பூச்சைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்துத் துணியின் இழைக்குள் இறக்க வேண்டும். அது காயக் காயத் துணி இறுகும். விரலால் சுண்டினால் மிருதங்கம் போல் பேச வேண்டும். பேசவில்லையா, உரித்துவிட்டு மறுபடியும்.

மழைக்காலத்தில் டோப் பூசினால் ஈரம் புகுந்து பால் ஊற்றியது போல் வெளுத்துவிடும். வெளுத்த இடத்தில் வலு இருக்காது. மேலதிகாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும் காற்று உலரும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. அந்தக் காலத்து லினனைவிட நெடுநாள் உழைக்கும். உங்கள் விமானத்தின் துணிக்கு எண்பது வயது இருக்க வாய்ப்பே இல்லை.

சும்மா வந்தவள்

பள்ளி ஆசிரியை நான், விமானம் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஃபிட்டர் ஐயா எழுதியதைப் படித்ததும் ஒரு சந்தேகம். துணி புதிது என்கிறார். மற்ற பாகங்களையும் இப்படியே மாற்றியிருப்பார்கள். அப்படியானால் பயப்பட எதுவும் இல்லையா?

நட்டுபோல்ட்டு

அம்மா, பயப்பட இருக்கிறது. எங்கே என்பதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி. நான் கோவையில் உலோகச் சோதனைக் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு உண்மை நிகழ்வைச் சொல்கிறேன்.

2013 டிசம்பர் 16. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரம், தென் ஸ்ட்ராட்ப்ரோக் தீவுக்கு அருகே ஒரு டைகர் மோத் பயணி ஒருவரை ஏற்றிக்கொண்டு வானில் குட்டிக்கரணம் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தது. இடது பக்க இறக்கைகள் முறிந்து விமானம் கடலில் விழுந்தது. இரண்டு பேரும் இறந்தார்கள். அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்புக் கழகம் கடலிலிருந்து பாகங்களை எடுத்து ஆராய்ந்தது.

குற்றவாளி மரமும் இல்லை, துணியும் இல்லை. விமானியறைக்கு அடியில் உடலின் குறுக்கே போகும் எஃகுத் தண்டுகள். பறக்கும்போது இறக்கைகளைப் பிடித்திருக்கும் கம்பிகள் உடலின் கீழ் மூலைகளை இரு பக்கமும் வெளியே இழுக்கும். அந்த இழுப்பை வாங்கிக்கொள்வது இந்தக் குறுக்குத் தண்டுகள். அந்த விமானத்தில் இரண்டு தண்டுகளுமே திருகு மரையில் ஒடிந்திருந்தன. அங்கே முன்பே களைப்பு விரிசல், அதாவது திரும்பத் திரும்ப விசை பட்டு வரும் விரிசல், விழுந்திருந்தது. மரையின் ஒவ்வொரு பள்ளமும் விசை குவியும் இடம். விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. அதுவும் வெளியே தெரியாத இடத்தில்.

இன்னொன்று கவனியுங்கள். அந்தத் தண்டுகள் போர்க்காலத்துப் பழைய தண்டுகள் இல்லை. பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில், உரிய அனுமதியோடு, மாற்றுப் பாகமாகச் செய்யப்பட்டவை. இந்தத் தண்டுகளுக்கு விதித்திருக்கும் ஆயுள் 2,000 பறக்கும் மணி அல்லது 18 ஆண்டு. அதற்கு வெகு முன்பே அவை போய்விட்டன.

ஆகவே "விமானத்துக்கு எத்தனை வயது?" என்று கேட்பதில் பயனில்லை. "இந்தப் பாகத்தை யார் செய்தார்கள், எப்போது பொருத்தினார்கள், அதன் பிறகு எத்தனை மணி நேரம் எப்படிப் பறந்தது?" என்று கேட்க வேண்டும். பழைய மரத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். பளபளவென்று வந்த புதுத் தண்டை நம்பிவிடுகிறோம்.

எதிர்க்கட்சி

நட்டுபோல்ட்டு, நீங்கள் என் கட்சிக்கே பிரச்சாரம் செய்துவிட்டீர்கள். அசல் பாகம் செய்த ஆலை மூடியாகிவிட்டது. இப்போது வருவதெல்லாம் நகல். நகல் சரியா என்று ஆகாயத்தில் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், நிறுத்தி வைப்பதே மேல்.

நட்டுபோல்ட்டு

ஆலை மூடியது உண்மை. ஆனால் வடிவமைப்புப் பொறுப்பு அநாதையாக இல்லை. டைகர் மோத்தை உருவாக்கிய டி ஹேவிலண்டின் பெயரைத் தாங்கிய டி ஹேவிலண்ட் சப்போர்ட் என்ற நிறுவனம் டைகர் மோத், பிற்காலப் பயிற்சி விமானமான சிப்மங்க் போன்றவற்றின் வடிவமைப்புப் பொறுப்பை வைத்திருக்கிறது. எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும், எங்கே சோதிக்க வேண்டும் என்ற தொழில்நுட்பக் குறிப்புகள் அதனிடமிருந்து வருகின்றன. அது இருக்கும் இடம் எது தெரியுமா? கேம்பிரிட்ஜ்வாசி போகப்போகிற அதே டக்ஸ்ஃபோர்டு.

இந்த ஊருக்கு இன்னொரு உறவும் உண்டு. நார்மன் டி புரூயின் என்பவர் 1930களில் டக்ஸ்ஃபோர்டில் ஒரு ஆய்வு நிறுவனம் நடத்தினார். அங்கே பிறந்ததுதான் ஏரோலைட் என்ற செயற்கைப் பசை. அதற்கு முன் மர விமானங்களை ஒட்டியது பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து விட்டுவிடும். மர விமானத் தொழிலுக்கு ஏரோலைட் எவ்வளவு பெரிய விடிவு என்று ஃபிட்டர் ஐயாவுக்குச் சொல்லத் தேவையில்லை.

அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தின் குறுக்குத் தண்டை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை. பறக்கிற விமானத்தில் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு உலகெங்கும் டைகர் மோத் வைத்திருப்பவர்கள் தங்கள் தண்டு எங்கிருந்து வந்தது என்று கோப்பைப் புரட்டினார்கள். அறிவு உயிரோடு இருப்பது அப்படித்தான்.

எதிர்க்கட்சி

தொழில்நுட்ப வாதத்தில் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதி அரசியல். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் தன் போருக்கு ஆள் தயார் செய்த இயந்திரம் இது. இதைப் பார்த்து நாம் ஏன் உருக வேண்டும்?

மேகக்கூட்டம்

உருகச் சொல்லவில்லை. ஆனால் "நாம்" அதற்குள் இல்லை என்று நினைப்பது தவறு. போர்க்காலத்தில் இந்திய விமானப்படைக்கான தொடக்கப் பறப்புப் பள்ளிகள் ஹைதராபாத் பேகம்பேட்டிலும் ஜோத்பூரிலும் இருந்தன. இரண்டிலும் டைகர் மோத்தான். அங்கே தேறியவர்கள் அடுத்த கட்டப் பயிற்சிக்கு அம்பாலாவுக்குப் போவார்கள். 1940இல் இந்தியாவிலிருந்து 24 விமானிகள் இங்கிலாந்துக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரான மகிந்தர் சிங் புஜ்ஜி ஹரிக்கேன் போர்விமானம் ஓட்டினார், தலைப்பாகையோடு. டைகர் மோத் இல்லையென்றால் விடுதலைக்குப் பிந்தைய நம் விமானப்படைக்கு முதல் தலைமுறை விமானிகள் எங்கிருந்து வந்திருப்பார்கள்?

கனடாவின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 1939 டிசம்பரில் கையெழுத்தான காமன்வெல்த் பயிற்சித் திட்டத்தில் போர் முடிவதற்குள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விமானப் பணியாளர்கள் இங்கே தயாரானார்கள். அந்தப் பையன்களில் பலர் அதற்கு முன் கார்கூட ஓட்டியதில்லை.

அந்தப் போரில் இந்த விமானத்தைப் படாத பாடு படுத்தினார்கள். 1940இல் ஜெர்மானியர் கரையிறங்கிவிடுவார்கள் என்ற பயத்தில் எட்டு 20 பவுண்டு குண்டுகளைத் தொங்கவிடும் சட்டங்களைக்கூடப் பொருத்தினார்கள். நல்லவேளை, தேவைப்படவில்லை. ஆளில்லாமல் வானொலியால் ஓடும் வகை ஒன்றும் 1935 வாக்கில் வந்தது. பீரங்கிப் படையினர் சுட்டுப் பழக இலக்காகப் பறந்த அதன் பெயர் குயீன் பீ. இன்றைய ட்ரோன்களின் பாட்டி என்று சொல்லலாம்.

சும்மா வந்தவள்

மேகக்கூட்டம் அண்ணா, ஒரு கேள்வி. இத்தனை பேருக்குப் பாடம் எடுத்த விமானம் என்றால் ஓட்டுவதற்குச் சுலபமாகத்தானே இருந்திருக்கும்?

மேகக்கூட்டம்

நல்ல கேள்வி. டைகர் மோத் பற்றிப் பேசுகிற எல்லோரும் சொல்வது, பறப்பது சுலபம், நன்றாகப் பறப்பது கடினம் என்று. நான் ஓட்டிப் பார்த்ததில் அது முற்றிலும் சரி.

எய்லரான்கள் கீழ் இறக்கையில் மட்டும்தான் இருக்கின்றன. கைப்பிடியை இடது பக்கம் சாய்த்தால் விமானம் சோம்பலாகச் சாயும். ஆனால் மூக்கு முதலில் வலது பக்கம் போகும். காலால் சுக்கான் மிதியை அளவோடு அழுத்தினால்தான் திருப்பம் சுத்தமாக வரும். என் செஸ்னா மாணவர்கள் காலைத் தரையில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். விமானமும் மன்னித்துவிடும். டைகர் மோத் மன்னிக்காது. அதே சமயம் கொல்லவும் கொல்லாது. தப்புச் செய்தால் கன்னத்தில் பக்கவாட்டுக் காற்று அறையும், அவ்வளவுதான். திறந்த விமானியறையில் கன்னமே ஒரு கருவி. இதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது என்பது என் கட்சி. ஓட்டச் சுலபமான விமானத்தில் தொடங்கியிருந்தால் அந்தப் பையன்கள் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தில் ஏறிய அன்றே முடிந்திருப்பார்கள்.

பேச்சுக்கு வானொலி இல்லை. இரண்டு விமானியறைக்கும் நடுவே ரப்பர் குழாய், அதன் முனை தலைக்கவசத்தின் காது வரை போகும். முன்னால் இருக்கும் ஆசிரியர் குழாயில் கத்த வேண்டும். 1917 வாக்கில் காஸ்போர்ட் என்ற ஊரின் பறப்புப் பள்ளியில் வந்த ஏற்பாடு, அதனால் காஸ்போர்ட் குழாய் என்று பெயர். இப்போது உங்களுக்கு மின் ஒலிவாங்கி கொடுப்பார்கள்.

தாம்பரம் ஃபிட்டர்

எஞ்சினைக் கிளப்புவதையும் சொல்ல வேண்டும். ஜிப்ஸி மேஜர், நான்கு சிலிண்டர், 130 குதிரைத்திறன், சிலிண்டர்கள் தலைகீழாகத் தொங்கும். சுழல்தண்டு மேலே இருப்பதால் மூக்கு தாழ்ந்து விமானிக்குப் பார்வை கொஞ்சம் திறக்கும். தானாகக் கிளப்பும் மோட்டார் கிடையாது. தரைப் பணியாளர் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கார்புரேட்டரில் பெட்ரோல் சொட்டும் வரை நிரப்பி, சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று விமானியிடம் குரல் கொடுத்துக் கேட்டு, புரொப்பெல்லரைக் கையால் சில சுற்றுத் திருப்பி, பிறகுதான் சுவிட்சைப் போடச் சொல்வார். ஒரு வீசு. வீசிய கையோடு உடம்பும் பின்னால் வந்துவிட வேண்டும். சுவிட்ச் அணைந்திருந்தாலும் புரொப்பெல்லர் உயிரோடு இருப்பதாகவே நினைக்கச் சொல்வார்கள் எங்கள் மூத்தவர்கள். தம்பி, விமானத்தை நோக்கி நடக்கும்போது யாராவது கையைக் காட்டும் வரை இறக்கைக்குப் பின்னாலேயே இருங்கள். ஆகாயத்தில் நடப்பதைவிட இதுதான் எனக்குக் கவலை.

நம் விமானப்படையின் பழைய விமானங்கள் பிரிவில் ஒரு டைகர் மோத் இருக்கிறது. இங்கிலாந்தில் புதுப்பித்துக் கொண்டுவந்தார்கள். 2012 அக்டோபர் 8 அன்று ஹிண்டன் தளத்தில் விமானப்படையின் எண்பதாவது ஆண்டு விழாவில் பறந்தது. தொலைக்காட்சியில் பார்த்தேன். ஜெட் விமானங்களைவிட அதற்குத்தான் எங்கள் வீட்டில் கைதட்டல் அதிகம்.

கேம்பிரிட்ஜ்வாசி

போய்விட்டு வந்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி. பறப்பதற்கு முன் நட்டுபோல்ட்டு சொன்னபடி குறுக்குத் தண்டைப் பற்றிப் பராமரிப்பாளரிடம் கேட்டேன். என்னை ஒரு மாதிரி ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போய்ப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். பாகத்தின் எண், பொருத்திய தேதி, ஓடிய மணிக்கணக்கு எல்லாம் கையெழுத்தோடு இருந்தன. இங்கே கேட்டிருக்காவிட்டால் எனக்கு இந்தக் கேள்வியே தோன்றியிருக்காது.

முன் இருக்கை குறுகலானது. தலைக்குச் சற்று முன்னால், மேல் இறக்கையின் நடுவில் பெட்ரோல் தொட்டி. அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே மிதவை. எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுமானி. மின்சாரம் வேண்டாம், பழுதாக எதுவும் இல்லை. பறக்கும்போது அந்த மிதவை குதித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் அதிலேயே.

தரையில் உருளும்போது முன்னால் எஞ்சின் மூடியைத் தவிர ஒன்றும் தெரியாது. விமானி இடமும் வலமுமாக வளைந்து வளைந்து ஓட்டி எட்டிப் பார்த்தார். புல்வெளியில் வேகம் பிடித்தோம், வால் எழுந்தது, எப்போது தரையை விட்டோம் என்று தெரியவில்லை. கீழே நெடுஞ்சாலையில் கார்கள் எங்களை முந்திக்கொண்டு போயின, எதிர்க்காற்று அப்படி. என் அவமானத்துக்கு விமானி ஆறுதல் சொன்னார்.

கைப்பிடியைக் கொடுத்தார். மேகக்கூட்டம் சொன்னது அப்படியே நடந்தது. இடது பக்கம் சாய்த்தேன், மூக்கு வலது பக்கம் ஓடியது, கன்னத்தில் காற்று. காலை அழுத்தியதும் அது அடங்கிய விதம் இருக்கிறதே! அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்துக் காட்டினார். மேல் இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஒரு பட்டை தானாகவே "டக்" என்று வெளியே வந்தது. தூக்குவிசை அறுந்துபோகாமல் காக்கும் ஏற்பாடாம். யாரும் ஒரு பொத்தானும் அழுத்தவில்லை. காற்றே இழுத்துத் திறக்கிறது.

பயந்தேனா? ஏறும்போது பயந்தேன். ஏறிய பிறகு அதற்கு நேரமில்லை. குளிர் மட்டும் ஆளைத் தின்றுவிட்டது. ஜூன் மாதம் என்று நம்பி மெல்லிய சட்டையோடு போகாதீர்கள்.

எதிர்க்கட்சி

சரி, திரும்பி வந்துவிட்டீர்கள், மகிழ்ச்சி. என் கட்சியை நான் கலைக்கவில்லை. குட்டிக்கரணம் அடிக்காமல், நல்ல வானிலையில், பதிவேட்டைக் காட்டத் தயங்காத இடத்தில் மட்டும் பறக்கட்டும் என்ற திருத்தத்தோடு தீர்மானத்தை நிறைவேற்றலாம். வீடியோ எங்கே?

கேம்பிரிட்ஜ்வாசி

வீடியோ இல்லை. செல்பேசியைச் சட்டைப்பையில் வைத்து ஜிப் போடச் சொல்லிவிட்டார்கள். கையில் எடுக்கவே கூடாதாம். அம்மாவும் இதையேதான் கேட்டார்: "பயந்து எடுக்காமல் விட்டாயா?"

தாம்பரம் ஃபிட்டர்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அந்த விமானியறைத் தரையில் எல்லாம் திறந்தே கிடக்கும். கைப்பிடியின் அடித்தண்டும் எலிவேட்டர், சுக்கான் கம்பிகளும் காலடியில்தான் ஓடுகின்றன. செல்பேசி விழுந்து அங்கே போய் உட்கார்ந்தால் பின்னால் இருக்கும் விமானியால் குனிந்து எடுக்க முடியாது. நாங்கள் வேலை முடித்ததும் ஸ்பேனரை எண்ணிப் பெட்டியில் போட்டால்தான் விமானத்தை வெளியே தள்ள விடுவார்கள். ஒன்று குறைந்தால் கிடைக்கும் வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அடுத்த முறை போனால் இறக்கையில் ஒரு சிறு கேமராவைப் பூட்டித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். சில இடங்களில் உண்டு என்று பேரன் சொல்கிறான்.